பொருள்: நனைந்த காலணி – தொடர்பாக

விதி 4: நனைந்த தோல் காலணியை வெயிலிலோ, அடுப்பின் அருகிலோ, வேறு எந்தச் சூட்டிலோ வைத்து உலர்த்தக் கூடாது.

இது அரசாணை இல்லை. நடத்தை விதிகளிலும் கிடையாது. ஒரு ஷூ பெட்டிக்குள் நாலாக மடித்துக் கிடந்த துண்டுக் காகிதத்தில் அச்சாகியிருந்தது. விடுப்பு விதி, பயணப்படி விதி, ஓய்வூதிய விதி என்று எதைக் கேட்டாலும் உட்பிரிவோடு ஒப்பிக்கிறவன் நான். ஆபீசில் சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் தேடாமல் என் மேஜையைத் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த ஒரு விதி மட்டும் தெரியாமல் போனது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அது மறுபடி ஞாபகம் வந்தது. பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நல்ல மழை. ஷூ தொப்பலாக நனைந்துவிட்டது. காலையில் பார்க்கிறேன் — வாசலில் ஷூவைக் காணோம்.

“பாக்கியம், ஷூ எங்கே?”

“மொட்டைமாடியில வெயில்ல வச்சிருக்கேன். சுள்ளுன்னு அடிக்குது. அரை மணி நேரத்துல காஞ்சிரும்.”

எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். படியேறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஏறினேன். இரண்டிரண்டு படியாக ஏறினேன். ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது, மாப்பிள்ளை காபி டம்ளரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, ஷூதானே...”

ஷூதானே என்கிறார்.

“இவுகளுக்கு இந்த வியாதி ரொம்ப நாளா இருக்கு மாப்பிள்ளை. ஒண்ணும் கேக்காதீக” என்றாள் என் மனைவி.

அவர் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். உத்தமபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். எந்த இலாகா என்பது வேண்டாம்... எல்லா இலாகாவும் ஒன்றுதான். கல்யாணமாகி ஒரு வருஷம். பாக்கியத்துக்கு மூன்றாவது மாதம். இரண்டு வருஷத் தகுதிகாண் பருவத்தை — புரொபேஷன் என்றால்தான் அன்றைக்கு எல்லோருக்கும் புரியும் — முடித்துவிட்டு உத்தரவுக்காகக் காத்திருந்தேன். உத்தரவு வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால்? என்னோடு வேலையில் சேர்ந்த ஒருவரை, ‘பணி திருப்திகரமாக இல்லை’ என்று ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வரியை நான்தான் டைப் அடித்தேன். அதனால் அது எனக்கு மனப்பாடம்.

உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் மதுரையிலிருந்த எங்கள் கோட்ட அதிகாரி. ஐப்பசி மழையில் வருடாந்தர ஆய்வுக்கு வந்தார். அதிகம் பேசமாட்டார். மூன்று நாளும் ஃபைல்களைப் புரட்டினார், தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் சரி என்பதா, சரியில்லை என்பதா என்று ஆபீசே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது.

மூன்றாம் நாள் அனுமந்தன்பட்டிப் பக்கம் ஓர் இடத்தை நேரில் பார்க்கக் கிளம்பினார். வரப்பில் நடந்து போய், வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த தென்னைத் தடியைத் தாண்ட வேண்டும். தூறல். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனேன் — ஃபைலுக்கு. தடி வழுக்கியது. அதிகாரி இரண்டு காலோடும் வாய்க்காலுக்குள் நின்றார். விழவில்லை. நின்றார். தண்ணீர் முழங்கால் வரைக்கும்.

அப்போதும் தலையைத்தான் ஆட்டினார்.

டிராவலர்ஸ் பங்களாவுக்குத் திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். அரைப்படித் தண்ணீர் கொட்டியது. அழகான ஷூ. பழுப்பு நிறம், கையால் தைத்தது, கயிறு கட்டுவது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“மாமனார் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தது. பதினாறு வருஷம் ஆச்சு.”

மூன்று நாளில் அவர் சொந்தமாகப் பேசிய ஒரே வாக்கியம். அதில் நான் உருகிவிட்டேன். அதோடு, உருகுவதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. உங்களுக்கே தெரியும்.

“கொடுத்துட்டுப் போங்க சார். காய வச்சு, பாலிஷ் போட்டு, திங்கக்கிழமை தபாலோட அனுப்பிடறேன்.”

“சிரமம் வேண்டாமே...”

“சிரமமே இல்ல சார்.”

மேலதிகாரி தன் சொந்த வேலைக்குக் கீழ்நிலை ஊழியரைப் பயன்படுத்தக் கூடாது. விதி இருக்கிறது. ஆனால் கீழ்நிலை ஊழியர் தானே ஓடிப்போய் வலையில் விழுந்தால்? அதற்கு விதி இல்லை. இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

அதிகாரி ரப்பர் செருப்போடு ஜீப்பில் ஏறிப் போனார். நான் ஷூவை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீசைக் கடக்கும்போது, தலைமை எழுத்தர் பொன்னையா சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்னய்யா, புரொபேஷன் ஆர்டரை ஷூவுக்குள்ள வச்சுக் குடுத்துட்டாகளா?”

வீட்டில் பாக்கியம் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அவுக கேட்டாகளா, நீங்களா வாங்கிட்டு வந்தீகளா?”

“நானாத்தான்.”

“அப்ப நீங்களே பாத்துக்கங்க. ஈரத்தோல் வாடை எனக்குக் கொமட்டுது.”

பாவம், அப்போது அவளுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். சோறு கொதிக்கிற வாசனை ஆகாது. தாளிக்கிற வாசனை ஆகாது. என் தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசனையும் ஆகாது.

வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை மழை. சனிக்கிழமை காலை வரைக்கும் சூரியனைக் காணோம். ஷூ வைத்த இடத்தில் வைத்தபடி கனத்துக்கொண்டு கிடந்தது. திங்கட்கிழமை தபால் போயாக வேண்டும். சொன்ன சொல். அதுவும் யாரிடம் சொன்ன சொல்.

அந்தச் சமயம் பார்த்து என் மச்சான் முத்தையா எஸ்டேட் ஜீப்பில் வந்து இறங்கினார். பாக்கியத்தின் அண்ணன். கம்பம் மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்துக்கொள்கிற வேலை. ஸ்டோர் என்றால் சாமான் வைக்கிற இடம் இல்லை. பச்சை ஏலக்காயை உலர்த்துகிற அறை. வெளியே பெரிய அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியாக அறைக்குள் சுற்றி வரும். கம்பிவலைத் தட்டுகளில் காய் கிடந்து காயும்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் எது நனைந்தாலும், மேலே ஸ்டோரில் தெரிந்தவர் இருந்தால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கல்யாணப் பட்டு போகும். தலையணை போகும். ஒரு தடவை பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடே போய்க் காய்ந்து வந்தது. ஒரு வருஷத்துக்கு வாத்தியார் பெயர் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பு மணக்கும்.

“மாப்ள, பச்சைக் காயே ஒண்ணரை நாள்ல கலகலன்னு காஞ்சிருது. ஒரு செருப்பு காயாதா? குடுங்க” என்றார் மச்சான்.

“செருப்பு இல்ல மச்சான், ஷூ.”

“எதுவா இருந்தா என்ன? நம்ம அடுப்புக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

அந்த வாக்கியத்தை நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். எதைக் கையில் வாங்கினாலும் இது எந்த விதியில் வருகிறது என்று பார்க்கிறவன், அன்றைக்குப் பார்க்கவில்லை. காரணம், நம்புங்கள்... காலணிக்கு விதி இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஜீப் டிரைவர் ஒரு சாக்குப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஷூ காய்ந்திருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. மூக்கு இரண்டும் மேலே பார்த்து வளைந்திருந்தன. தட்டினால் அப்பளம் மாதிரி சத்தம் வந்தது. வலது ஷூவில், நடக்கும்போது மடிகிற இடத்தில், குறுக்காக ஒரு வெடிப்பு. என் காலை உள்ளே விட்டுப் பார்த்தேன் — யாரிடமும் சொல்லாதீர்கள் — பாதி தூரத்துக்கு மேல் போகவில்லை. அதிகாரிக்கு என்னைவிடப் பெரிய கால்.

அப்புறம், வாசனை. தெருவே மணத்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே படுத்திருந்த பாக்கியம் எழுந்து வந்தாள்.

“அது என்ன வாசம்? இங்கன கொண்டாங்க.”

கொடுத்தேன். ஷூவை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வாரமாக எதுவும் உள்ளே தங்காமல் தவித்தவள், அன்றைக்கு அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தட்டு மோர்ச்சோறு சாப்பிட்டாள். வீட்டில் இரண்டு பேர். ஒருத்திக்கு அது மருந்து. இன்னொருவனுக்கு வேலை போகிற வாசனை.

பக்கத்து வீட்டில் பெருமாள் அண்ணன், விவசாயி. எட்டிப் பார்த்து ஒரு யோசனை சொன்னார்.

“கமலையில தண்ணி இறைக்கிற தோல் சாலு வெறச்சுப் போனா விளக்கெண்ணெய்தான் போடுவோம். பஞ்சு மாதிரி ஆகிரும். அதுவும் தோலு, இதுவும் தோலு.”

இடது ஷூவுக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். குடித்தது. இன்னொரு கரண்டி. அதையும் குடித்தது. தாகம் தீரட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் இடது ஷூ கிட்டத்தட்டக் கறுப்பு. வலது ஷூ பழைய பழுப்பு. ஒன்றில் வெடிப்பு, இன்னொன்றில் எண்ணெய்ப் பிசுக்கு. ஜோடி என்று சொல்வதற்கு மீதியிருந்தது வாசனை மட்டும்தான்.

திங்கட்கிழமை தபால் போனது. ஷூ போகவில்லை. ‘இன்னும் ஈரம் காயவில்லை’ என்று சொல்லி அனுப்பினேன். என் சர்வீஸில் முதல் பொய்.

அன்று சாயங்காலமே கம்பத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு ராவுத்தர் கடை. தோல் வியாபாரக் குடும்பம். கடையில் ஷூ, செருப்பு, பாலிஷ் டப்பா, பிரஷ் எல்லாம் உண்டு. பெரியவர் பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது கால்ல போடுறதா, பாயாசத்துல போடுறதா?”

விஷயத்தைச் சொன்னேன். ஸ்டோர் என்றதும் கண்ணை மூடினார். விளக்கெண்ணெய் என்றதும் திறந்தார்.

“யாரு ஷூ?”

“எங்க ஆபீசர் ஷூ.”

“உங்க வேலை பெர்மனெண்டா?”

“இல்ல பாய். அதுக்கு அவருதான் கையெழுத்துப் போடணும்.”

“அப்ப ஷூவை மட்டும் இல்ல தம்பி, வேலையையும் சேத்துல்ல ஸ்டோருல வச்சு எடுத்திருக்கீக.”

சிரிக்காமல் சொன்னார். அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

பிறகு ஷூவை இரண்டு கையாலும் மெதுவாக வளைத்துப் பார்த்தார். “உசிரு இருக்கு” என்றார். கால் மாதிரியே செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளை எடுத்து ஒரு பொட்டலமாகக் கட்டினார். ஒரு டப்பா தோல் கிரீம், ஒரு டப்பா மெழுகுப் பாலிஷ், குதிரைமுடி பிரஷ் ஒன்று.

“மொதல்ல சுத்தமான துணிய நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, மேலாகத் தொடைங்க. அழுக்கும் பிசுக்கும் போகட்டும். உள்ள பேப்பரைக் கசக்கி வச்சு நெழல்ல காய விடுங்க. வெயில்ல வச்சீகன்னா நான் கடைய மூடிட்டு வந்து உங்களை அடிப்பேன். அப்புறம் கிரீம். விரல்ல ஒரு பொட்டு. ஒரு பொட்டுத்தான். சின்னச் சின்ன வட்டமாத் தேய்க்கணும். ஒரு ராத்திரி விட்டுறணும். மறுநாள் இன்னொரு பொட்டு. தோல் இளக இளகக் கட்டையை உள்ள தள்ளணும். அவசரப்பட்டா வெடிச்சிரும்.”

“பாலிஷ் எப்ப பாய் போடணும்?”

“எல்லாரும் அதத்தான் மொதல்ல கேக்குறாக. மொதல்ல தோலுக்குச் சோறு. அப்புறந்தான் பவுடர். பசியோட இருக்கிறவன் மூஞ்சியில பவுடர் அடிச்சா அழகாவா இருக்கும்?”

“நிறம்?”

“உள்ள போன எண்ணெயை வெளிய எடுக்க முடியாது. பழுப்பா இருக்கிறதையும் கறுப்பாக்கி ஒண்ணாச் சேத்துறலாம்.”

“வெடிப்பு?”

“அது போகாது. மெழுகு வச்சு மறைக்கலாம். பாக்கிறவுக குனிஞ்சு பாக்காத வரைக்கும்.”

அதிகாரி குனிந்துதானே கயிறு கட்டுவார்?

பன்னிரண்டு நாள். ஆபீஸ் விட்டதும் நேரே வீடு. கை கால் கழுவிவிட்டு ஷூவின் முன்னால் உட்காருவேன். ஒரு பொட்டு கிரீம். சின்னச் சின்ன வட்டம். தையல் ஓரத்துக்குப் பழைய பல் பிரஷ். நாக்கு மாதிரி ஒன்று கயிற்றுக்கு அடியில் இருக்கிறதே, அதையும் விடக் கூடாது. நாலாம் நாள் அப்பளச் சத்தம் நின்றது. ஏழாம் நாள் கட்டை முழுசாக உள்ளே போனது. மேலே பார்த்துக்கொண்டிருந்த மூக்கு பணிவாகக் கீழே இறங்கியது.

“தலை சுத்துதுன்னு படுத்திருக்கேன். ஒரு தைலம் தேச்சு விட ஆளில்ல. ஷூவுக்கு மட்டும் வட்ட வட்டமாத் தேய்க்கிறாக” என்றாள் பாக்கியம், சுவரைப் பார்த்து.

பத்தாம் நாள் இரண்டுக்கும் கறுப்பு மெழுகு. ரொம்ப மெல்லிசாக. பழைய பனியன் துணியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, மெழுகைத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரையும் தொட்டு, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். முதலில் மங்கும். பயந்துவிடக் கூடாது. தேய்த்துக்கொண்டே போனால் திடீரென்று கண்ணாடி மாதிரி திறக்கும். பன்னிரண்டாம் நாள் அந்த ஷூவின் மூக்கில் என் முகம் தெரிந்தது. பயந்த முகம்தான். ஆனாலும் தெரிந்தது.

வெடிப்பு? இருந்தது. மெழுகுக்கு அடியில், சரியாகத் தூங்காதவன் மாதிரி.

பொன்னையா சார் நல்ல மனிதர். விஷயம் தெரிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்.

“பேசாம நீயே எடுத்துக்கிட்டுப் போய்யா. மதுரைக்கு மூணு மணி நேரம் பஸ்ஸு. ‘தெரியாம நடந்துபோச்சு சார்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு. முடிஞ்சுபோச்சு.”

நான் கேட்டேனா? நடைமுறை தெரிந்தவனுக்கு வாயால் பேசப் பிடிக்காது. வாயால் சொன்னதற்கு ஆதாரம் ஏது? ஷூவைத் தபால் கொண்டுபோகிற ஊழியரிடம் கொடுத்து அதிகாரி வீட்டில் சேர்க்கச் சொன்னேன். கூடவே, உண்மையை ஒளிக்காமல் ஒரு கடிதம் எழுதினேன். ஆபீசில் தமிழில் எழுத வேண்டும் என்று அழுத்தம் வந்திருந்த காலம். என் தமிழைக் காட்ட வேறு சந்தர்ப்பமும் இல்லை.

பொருள்: காலணி – தோல் – ஒரு ஜோடி – நனைந்தமை – உலர்த்தியமை – சேதம் ஏற்பட்டமை – விளக்கம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: பயணியர் மாளிகையில் தாங்கள் வாய்மொழியாகத் தெரிவித்தது.

கீழே பத்தி பத்தியாக, எண் போட்டு, மச்சானின் அடுப்பிலிருந்து பெருமாள் அண்ணனின் விளக்கெண்ணெய் வரை. உரிய வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதால் பொன்னையா சாரிடமே நீட்டினேன். ஒரு பெருமூச்சு விட்டு, ‘பரிந்துரையுடன் மேலனுப்பப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். எதைப் பரிந்துரைத்தார் என்று அவருக்கும் தெரியாது.

அங்கேதான் நான் செத்தேன்.

விளக்கம் என்பது வீட்டில் சாதாரணச் சொல். அர்த்தம் சொல்வது. ஆனால் ஆபீசில்? குற்றம் சாட்டப்பட்டவன் எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் விளக்கம். நான் அதை அதிகாரியின் பதவிப் பெயருக்கு, உரிய வழியாக, பொருளும் பார்வையும் போட்டு அனுப்பியிருக்கிறேன். மதுரையில் தபால் பிரிக்கிறவர் என்ன செய்வார்? நான் என்ன செய்திருப்பேனோ அதைத்தான் செய்தார். எண் போட்டார். பதிவேட்டில் ஏற்றினார். பிரிவுக்கு அனுப்பினார். மாமனார் வாங்கிக் கொடுத்த ஷூ ஒரு கோப்பு ஆகிவிட்டது.

அதிகாரி அந்த வாரமே ஏதோ பயிற்சிக்கு மெட்ராஸ் போய்விட்டார். பொறுப்பு அதிகாரி வேறொருவர். ஷூ வீட்டில் சேர்ந்ததா? சேர்ந்தது, அதிகாரியின் வீட்டம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் பார்த்தாரா? தெரியாது. என்ன சொன்னார்? தெரியாது.

மூன்று வாரம் கழித்து முதல் குறிப்பாணை வந்தது. ‘சேதமடைந்ததாகக் கூறப்படும் காலணிகள் அலுவலக இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் பதியப்பட்டுள்ளன என்பதைத் தெரிவிக்கவும்.’

‘அவை அலுவலகப் பொருள் அல்ல’ என்று பதில் எழுதினேன்.

மார்கழியில் இரண்டாவது. ‘அலுவலகப் பொருள் அல்லாத காலணிகள் அரசு ஊழியரின் வசம் எவ்வாறு வந்தன?’

வாய்மொழியாக என்று எழுதினேன். கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் நல்ல தமிழில்.

தை கடைசியில் மூன்றாவது. அதை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ‘மேற்படி ஊழியரிடமிருந்து பெறப்பட்ட விளக்கத்தின் மீது முடிவெடுக்கப்படாமல் நிலுவையில் உள்ளதால், அன்னாரது தகுதிகாண் பருவம் நிறைவு குறித்து இப்போது பரிசீலிக்க இயலாது.’

யாரும் என்மேல் குற்றம் சாட்டவில்லை. நானே குற்றம் சாட்டிக்கொண்டு, நானே விளக்கமும் கொடுத்து, உரிய வழியாக என் வேலையை நானே நிறுத்தி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மதுரைத் தபால் பை வருகிற நேரம் பதினொன்றரை. பதினொன்றே காலுக்கே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். பையைப் பிரிக்கும்போது பார்க்காத மாதிரி பார்ப்பேன். நீளக் கவர் என்றால் எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விடுவேன். ‘பணி திருப்திகரமாக இல்லை’ — அந்த வரியை இப்போது யார் டைப் அடிப்பார்கள்? என் மிஷின்தானே ஆபீசில் நல்ல மிஷின்? என்னையே அடிக்கச் சொல்வார்களோ?

கம்பத்துக்கு எப்போது போனாலும் ராவுத்தர் கடை வாசலிலிருந்தே கேட்பார்.

“என்ன தம்பி, ஷூ ஏதும் பேசுச்சா?”

“இல்ல பாய்.”

“பேசும். நாக்குதான் இருக்குல்ல.”

பாக்கியத்துக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. ஒருநாள் வளையல் குலுங்கக் கேட்டாள்.

“ஒரு எட்டு மதுரைக்குப் போயி அவுகளைப் பாத்துட்டு வந்தா என்ன? திரும்பி வந்துட்டாகன்னுதான் சொல்றாகள்ல?”

“கோப்பு நிலுவையில் இருக்கும்போது அதிகாரியை நேரில் போய்ப் பார்ப்பது முறை இல்லை.”

“முறையா? ஷூவைக் கொண்டுபோயி அடுப்புல வச்சது எந்த முறை?”

வைத்தது அவள் அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று விட்டுவிட்டேன். அதோடு, அவள் சொன்னதுதான் சரி. பொன்னையா சார் சொன்னதும் சரி. பயம் வந்தால் மனுஷன் எதையாவது பிடித்துக்கொள்வான். சிலர் சாமியை. நான் நடைமுறையை. அது என்னைப் பிடித்துக்கொண்டது.

நண்பர்களே, இன்றைக்கும் நல்ல தோல் ஷூ வைத்திருக்கிறவர்களுக்கு ராவுத்தர் சொன்னதையெல்லாம் நான் சொல்லிக் கொடுப்பேன். நிழல், பேப்பர், ஒரு பொட்டு, பொறுமை. ஆனால் அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். அடுத்தவர் ஷூவைக் கெடுத்துவிட்டால், ஷூவோடு நீங்களும் போங்கள்.

பதில் வந்தது. நீளக் கவர் இல்லை. சின்னக் கவர், சொந்தத் தபால்தலை ஒட்டி, என் வீட்டு விலாசத்துக்கு. அதிகாரியின் கையெழுத்து. நான் பிரிக்காமல் விலாசத்தையே படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பாக்கியமே வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள்.

‘உங்கள் கடிதம் நேற்றுதான் என் மேஜைக்கு வந்தது. எனக்கு எழுதிய கடிதத்தை எனக்கு முன்னால் பதினோரு பேர் படித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒரு கார்டு போட்டிருக்கலாம். மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டேன். தகுதிகாண் பருவ உத்தரவு தனியே வருகிறது. ஷூ கொஞ்சம் இறுக்கம்தான். விசேஷங்களுக்கு மட்டும் போடுகிறேன். வெடிப்பைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஏலக்காய் வாசனை இன்னும் போகவில்லை. என் மனைவிக்கு ஆட்சேபம் இல்லை. இத்துடன் உள்ள காகிதம் அந்த ஷூ வந்த பெட்டியில் பதினாறு வருஷமாக இருந்திருக்கிறது. நானும் இப்போதுதான் படித்தேன். இணைப்பு: ஒன்று.’

நாலாக மடித்த துண்டுக் காகிதம். நாலாவது விதியின் கீழே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு.

பாக்கியம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், வந்து சேர்ந்ததற்கு உத்தமபாளையம் தபால் ஆபீஸ் குத்திய முத்திரையில் ஊர்ப் பெயர் பாதி அழிந்திருந்தது. தேதி மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

ஏப்ரல் ஒன்று.